இரண்டும் வெள்ளை

பூவாத்தாள் கோயிலில் பூக் கேட்டால் நூற்றுக்கு அறுபத்து நான்கு முறை பலிக்கிறது என்று அறிவியல்பூர்வமாக நிரூபித்தவன் நான்தான். அதை மார்தட்டிச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. சரியாக ஏழு மாதம். அதற்குப் பிறகு, நான் நிரூபித்தது தப்பு என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். இது ஆறாவது வருஷம். கேட்கத்தான் ஆளில்லை.

என் பெயர் பகலவன். அப்பா ஈரோட்டில் பகுத்தறிவு மன்றம் நடத்தியவர். ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டு, இன்னொரு ராகு காலத்தில் எனக்குப் பெயர் வைத்தவர். நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். விடுமுறை நாட்களில் மன்றத்து வேனில் ஊர் ஊராகப் போய், வெறும் கையில் விபூதி வரவழைப்பது எப்படி, நாக்கில் கற்பூரம் எரிப்பது எப்படி என்று செய்து காட்டுவேன். ஜனங்கள் நன்றாகக் கைதட்டுவார்கள். கூட்டம் கலைந்ததும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "சாமி, எங்கூட்டுக்காரிக்கு ஒரு கை விபூதி குடுங்க" என்பார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் 'விளக்கப்படாத நிகழ்வுகள் ஆய்வகம்' தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டார்கள். பேய், குறி, கனவில் வந்த செய்தி என்று ஜனங்கள் பெருவாரியாக நம்புகிற எதையும் சிரிக்காமல் சோதித்துப் பார்ப்பது அவர்கள் வேலை. இயக்குநர் அம்மாள் முதல் நாளே மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். "நம்பற ஆளு கையெழுத்துப் போட்டா யாரும் மதிக்கமாட்டாங்க பகலவன். எங்களுக்கு நம்பாத ஆளுதான் வேணும்."

எனக்குக் கொடுத்தது ஊசிமலைப்புதூர்ப் பூவாத்தாள் கோயில். பவானிக்கு மேற்கே, தறிச் சத்தம் ஓயாத ஊர். அங்கே வெள்ளிக்கிழமைகளில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் பூவரச இலையில் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி ஆத்தாள் காலடியில் வைப்பார் பூசாரி. கேட்க வந்தவர் கேள்வியைச் சொல்லி, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், நல்லபடியாக முடியும். சிவப்பு வந்தால் வேண்டாம். ஆபரேஷனா, கல்யாணமா, போர்வெல் போடுவதா, எல்லாவற்றுக்கும் இதுதான்.

பூசாரி மாரப்பனுக்கு என் வயதுதான் இருக்கும். மற்ற நாட்களில் ஷேர் ஆட்டோ ஓட்டுவார். வெள்ளிக்கிழமை மட்டும் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூசாரி ஆகிவிடுவார். நான் போன இரண்டாவது வெள்ளியே அவரைப் பிடித்துவிட்டேன். மகனுக்கு இதயத்தில் ஓட்டை என்று அழுதுகொண்டு வந்த ஒரு பெண் வெள்ளை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் போனதும் மீதிப் பொட்டலத்தை நான் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

"என்ன மாரப்பன் இது?"

அவர் கொஞ்சமும் பதறவில்லை. "டாக்டரு பொழைக்க வெச்சரலாம்னு சொல்லியிருக்காருங்க. இந்தப் புள்ளைக்குத்தான் தைரியம் பத்தல. அதான்."

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"அப்படி எப்படிங்க? ஆளப் பாத்துத்தான். மாப்பிள்ளை கேட்டு வருவாங்க, கட்டிக்கற புள்ளை மூஞ்சியப் பாப்பேன். இஷ்டமில்லீன்னு தெரிஞ்சா ரெண்டும் செவப்பு."

"ஆத்தா பேர்ல நீங்க பொய் சொல்றீங்க."

"ஆத்தாளுக்குக் கை ஏதுங்க சார். நாந்தான் மடிக்கோணும்."

எனக்குத் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம். அன்றைக்கே உட்கார்ந்து ஆய்வுக்கு ஒன்பது விதிகள் எழுதினேன். பூவைப் பூசாரி மடிக்கக் கூடாது, கருவிதான் மடிக்க வேண்டும். ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. ஏழாவது விதி, எனக்கு மிகவும் பிடித்த விதி: எடுத்ததையும் எடுக்காததையும், இரண்டு பொட்டலங்களையும் எல்லார் முன்னிலையிலும் பிரித்துக் காட்ட வேண்டும். அதை ஃபிளெக்ஸில் அச்சடித்து, கீழே என் கையெழுத்தோடு கோயில் தூணில் கட்டினேன்.

கருவி வந்தது. சின்னக் குளிர்சாதனப் பெட்டி அளவு. ஊர்க்காரர்கள் அதைப் பூப்பெட்டி என்றார்கள். அதற்குள் இரண்டு அறைகள். இடது அறையில் வெள்ளை அரளியையும் வலது அறையில் செவ்வரளியையும் காலையில் மாரப்பன் நிரப்பி வைப்பார். உள்ளே இருக்கும் ஒரு சில்லு, அணு சிதைவதை வைத்துச் சீட்டுக் குலுக்கி, எந்த அறைப் பொட்டலம் எந்தப் பக்கம் விழவேண்டும் என்று முடிவு செய்யும். எந்த மனிதனும் ஊகிக்க முடியாது. கருவிக்கு நிறம் தெரியாது. எடுத்தது எந்த அறையின் பொட்டலம் என்பதை மட்டும் பதிந்துகொள்ளும்.

கேட்டவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று ஆறு மாதம் கழித்துப் போன் செய்து விசாரிக்க வேண்டும். அந்த வேலைக்கு என் பழைய மாணவி சுகந்தியை வைத்துக்கொண்டேன். தறிக்காரர் வீட்டுப் பெண். எம்.எஸ்.சி.யில் என்னிடம் படித்தவள். வகுப்பில் நான் கரும்பலகையில் தப்பாகக் கூட்டினால், "சார், அது பதினேழு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவாள். கல்யாணமாகி அந்த ஊருக்கே வந்திருந்தாள்.

ஆயிரத்து நூற்று நாற்பது கேள்விகள். பலித்தது நூற்றுக்கு அறுபத்து நான்கு. தற்செயலாக இப்படி வரவே வராது. நான் மூன்று முறை சரிபார்த்தேன், சுகந்தி மூன்று முறை சரிபார்த்தாள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். உண்மை என்றால் உண்மைதானே, நம்பாதவன்தானே அதைச் சொல்ல வேண்டும் என்ற பெருமிதம் வேறு. மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது: 'நம்பாதவரே ஒப்புக்கொண்டார்.'

அதன் பிறகு நடந்ததை நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூறு கோயில்களில் பூப்பெட்டி வைத்தார்கள். பலிக்கப் பலிக்க எண் ஏறுகிற பச்சைத் திரை ஒன்று பெட்டியின் தலையில் வந்தது. எண் ஒன்று கூடினால் ஒரு சின்ன மணிச் சத்தம் கேட்கும், வரிசையில் நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வரன் விளம்பரங்களில் 'பூ: வெள்ளை' என்று போட ஆரம்பித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளின் ஒப்புதல் படிவத்தில் 'பூக் கேட்டாயிற்றா, விடை என்ன' என்று ஒரு கட்டம் முளைத்தது. சிவப்பு வந்தவருக்கு ஆபரேஷன் செய்து ஏதாவது ஆகிவிட்டால் தாங்கள் பொறுப்பில்லை என்பதற்காக.

முன்பெல்லாம் சிவப்பு வந்தால் ஜனங்கள் ஆத்தாளிடம் சண்டை போடுவார்கள். மூன்று வெள்ளி விளக்குப் போட்டுவிட்டு மறுபடி கேட்பார்கள், வெள்ளை வரும்வரை கேட்பார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை. சயின்ஸ் சொல்லிவிட்டது, எங்கே போய்ச் சண்டை போடுவது.

ஏழாவது மாதம் ஒரு மத்தியானம் சுகந்தி என் அறைக்கு வந்தாள். கையில் அவள் போன் பேசும்போது எழுதிவைத்த தாள்கள்.

"சார், நம்ம படிவத்துல ரெண்டே ரெண்டு கட்டந்தான் இருக்குது. நல்லபடியா முடிஞ்சுது, முடியல. மத்ததெல்லாம் நான் ஓரத்துல எழுதி வெச்சேன். நேத்துத்தான் ஓரத்த மட்டும் படிச்சுப் பாத்தேன்."

"என்ன இருக்குது?"

"படிக்கறேன், கேளுங்க. 'செவப்பு வந்துச்சுங்க, அதனால ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல.' 'செவப்பு வந்துச்சுங்க, மாத்திரைய நிறுத்திட்டோம்.' 'வெள்ளை வந்துச்சுங்க, தறியெல்லாம் வித்துக் கோயமுத்தூருக்கே கூட்டிட்டுப் போயிட்டோம்.' பக்கம் பக்கமா இதுதான் சார்."

நான் அவள் கையிலிருந்த தாள்களை வாங்கிப் புரட்டினேன்.

"அப்பறம் இன்னொண்ணு. மழை வருமா, தொலைஞ்ச மாடு கிழக்க இருக்குதா மேக்க இருக்குதான்னு கேட்டதெல்லாம் தனியாப் பிரிச்சேன். மனுசன் கை வைக்க முடியாத கேள்வியெல்லாம். அது நூத்துக்கு அம்பது சார். அச்சு அசலா அம்பது."

"பூ எதையும் முன்கூட்டிச் சொல்லல."

"இல்ல சார். பூ சொன்னத நம்மாளுக நடத்திக் காட்டறாங்க. நாம அத எண்ணிட்டு, பலிச்சிருச்சுன்னு பேப்பர்ல போட்டோம். இப்ப இன்னும் நெறையப் பேரு நம்பறாங்க. அடுத்த வருசம் அறுபத்தி நாலு எழுபதாகும் பாருங்க."

எழுபத்தொன்று ஆனது. அதற்கடுத்து எழுபத்தெட்டு. பிறகு எண்பத்து மூன்று.

மறுப்புக் கட்டுரை எழுதினேன். வெளியானது, யாரும் படிக்கவில்லை. தொலைக்காட்சி விவாதத்துக்குப் போனேன். நெறியாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சார், நீங்க அப்ப பொய் சொன்னீங்களா, இல்ல இப்ப பொய் சொல்றீங்களா?" எதிரே உட்கார்ந்திருந்த ஜோதிடர் இன்னும் நல்லவர். நான் விளக்கியதை முழுசாகக் கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "நம்பறவங்களுக்குத்தான் பலிக்குதுன்னு புரொபசர் அருமையா நிரூபிச்சிருக்காரு. நாங்களும் அதத்தானே தலைமுறை தலைமுறையாச் சொல்லிட்டிருக்கோம்." அரங்கம் கைதட்டியது.

ஆய்வகம் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. நம்பாதவன் பெயர் பலகையில் இருப்பது அவர்களுக்கு நல்லது. வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பெட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். விட்டுவிட்டு வந்திருக்கலாம். உள்ளே இருந்தால் என்றாவது எதையாவது செய்யலாம் என்று ஒரு நப்பாசை.

ஐந்தாவது வருஷம் சுகந்திக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. முப்பத்து மூன்று வயது. வாரத்துக்கு இரண்டு நாள் ஈரோட்டில் டயாலிசிஸ். டயாலிசிஸ் படுக்கையில்கூட லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்த ஓரக் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். அவள் புருஷன் தனசேகரின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. அவன் கொடுக்கத் தயார். தங்கமான பையன். ஆனால் அம்மா பேச்சைத் தாண்டத் தெரியாதவன்.

"அம்மா ஒரே ஒரு தடவ பூக் கேட்டுரலாம்ங்குது சார்," என்றான் என்னிடம், முகத்தைப் பார்க்காமல். "ஆஸ்பத்திரியிலயும் அந்தக் கட்டத்த நிரப்பிட்டு வாங்கன்னு படிவத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அவன் அம்மா பழனாத்தாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய மூத்த மகனுக்கு மூளையில் கட்டி வந்தபோது, ஆய்வின் முதல் வருஷத்தில், இதே பெட்டியில் கேட்டார். சிவப்பு வந்தது. அதை மதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டான். பலித்த கேள்விகளில் அதுவும் ஒன்று. நான்தான் எண்ணிச் சேர்த்தேன்.

அன்றைக்கு மாரப்பனைத் தேடி ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"வர்ற வெள்ளிக்கு... வலது அறையிலயும் வெள்ளையே போட்டுர முடியுமா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சுகந்திப் புள்ளைக்குங்களா?"

"ஆமா."

"போட்டரலாமுங்க. பெட்டிக்கு என்ன தெரியும். ஆனா உங்க ஏழாவது நம்பரு இருக்குதுங்களே சார். ரெண்டையும் பிரிக்கோணுமே."

"நான்தானே ஆபீசர். மீதியப் பிரிக்க வேண்டாம்னு நான் சொல்லிக்கிறேன்."

"சொன்னாச் சரிங்க," என்றார். அவர் குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சுகந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் சம்மதிக்க மாட்டாள். கரும்பலகையில் ஒரு எண் தப்பானால் பொறுக்காதவள்.

வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணி. கோயிலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். சுகந்தி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிற்க முடியவில்லை, கால் வீங்கியிருந்தது. பழனாத்தாள் பெட்டி முன்னால் வந்து நின்று, "எம்பையன் எம்மருமவளுக்குக் கிட்னி குடுக்கறான் ஆத்தா. ரெண்டும் பொழைச்சு ஊடு வந்து சேருமா?" என்றார். பொத்தானை மாரப்பன் அழுத்தினார். பெட்டி முனகியது. இரண்டு பொட்டலங்கள் தட்டில் விழுந்தன. பழனாத்தாள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார்.

வெள்ளை.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. தட்டுத் தடுமாறிப் போய் மருமகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஆத்தா சொல்லிப்போட்டா கண்ணு. இனி ஒண்ணும் இல்ல. எந்திரி, திங்கக்கெழமையே போய்ப் படுத்துக்கலாம்." தனசேகர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தான். சுகந்தி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

பழனாத்தாள் திரும்பி வந்தார். "அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப்போடுங்க சார்."

"அது எதுக்கும்மா. வெள்ளை வந்துருச்சே, போதும்."

"இல்லீங்க. மூத்தவனுக்கு வந்த செவப்பு என்ற கண்ணுலயே நிக்குது. இன்னிக்கு அது எடுக்காமக் கெடக்கறதப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"தேவையில்லம்மா. நான் சொல்றேன்."

அவர் தூணைக் காட்டினார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா மூத்தவனுக்குக் கேக்கையில நீங்கதான் ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டுனீங்க. ஏழாவது, ரெண்டையும் பிரிக்கோணும்னு. அதுல தப்புத் தண்டா நடக்காதுன்னு சொன்னீங்க."

பின்னாலிருந்து யாரோ, "பிரிங்க சார், அதுதானே ரூல்சு" என்றார்கள். நான் மாரப்பனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனாத்தாளே பொட்டலத்தை எடுத்து நூலை அவிழ்த்தார்.

அதிலும் வெள்ளை.

பழனாத்தாள் அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். கோபப்படவில்லை.

"செவப்பு வந்துருமோன்னு பயந்துதானே சார், செவப்பையே எடுத்துட்டீங்க?"

"அம்மா, இதுல ஒண்ணுமே இல்லம்மா. காசு சுண்டிப் போடற மாதிரிதான். டாக்டர் ரெண்டு பேரும் நல்லா இருப்பாங்கன்னு சொல்றாரு. பூவுக்கு எதுவும் தெரியாது. நான் நூறு தடவ சொல்லிட்டேன், டி.வி.யிலகூடச் சொன்னேன்..."

"அப்பறம் ஏனுங்க மாத்தி வெச்சீங்க?" என்றார். "ஒண்ணுமில்லாததுக்கு யாராச்சும் இத்தன பாடுபடுவாங்களா?"

இருபத்தெட்டு வருஷம் வகுப்பெடுத்தவன். தூணில் இருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"படிச்சவரு நீங்க, உங்களுக்கு உள்ள இருக்கறது தெரியும். உங்களுக்கே பயமா இருக்குதுன்னா என்ற பையன எப்படிங்க நான் அனுப்புவேன்? எனக்கு இருக்கறதே ஒருத்தன்." பூவைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, மகனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது மருமகள் தலையை ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போனார். தனசேகர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். திரும்பி வரவில்லை.

ஜனங்கள் கலைந்த பிறகு பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பழனாத்தாள் எடுத்த வெள்ளைப் பூ வலது அறையிலிருந்து வந்திருந்தது. சிவப்பு அறை. நாங்கள் பூவை மாற்றாமல் இருந்திருந்தால் சிவப்புத்தான் வந்திருக்கும். பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள ஒரு விஷயம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை நான் முதலாம் ஆண்டு மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் என் விரல் அந்தத் திரையிலிருந்து வரமாட்டேன் என்றது.

மாரப்பன் ஆட்டோவில் சுகந்தியை வீட்டுக்குக் கூட்டிப் போனோம். பாதி வழியில் அவள் கேட்டாள்.

"எந்த அறை சார்?"

"என்னது?"

"பெட்டி எதப் பதிஞ்சிருக்குது? நீங்க பாத்திருப்பீங்க."

"இடது," என்றேன்.

"மாரப்பண்ணன்கிட்டக் கொஞ்ச நாள் பழகுங்க சார். உங்களுக்குப் பொய் சொல்லவே வரல."

மாரப்பன் ஆட்டோவை அவள் வீட்டு வாசல்வரை ஓட்டிப்போய் நிறுத்தினார். அடுத்த வாரம் அவரைப் பூசாரி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நான் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். தனசேகர் போனை எடுக்கவில்லை. ஒரு நாள் எடுத்து அழுதான், மறுபடி எடுக்கவில்லை. இறந்தவர்களின் உறுப்புக்கான வரிசையில் சுகந்தி பெயரைப் பதிந்தோம். பூ விடை சிவப்பு என்று பெட்டியிலிருந்து தானாகவே போயிருந்ததால் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டாள். பூவை மாற்றியது நான்தான், அந்தப் பதிவு செல்லாது என்று ஆய்வகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலையிலிருந்து தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு வரிப் பதில் வந்தது: 'பூவின் நிறம் கருவியின் பதிவைப் பாதிப்பதில்லை. கருவி அறையை மட்டுமே பதிகிறது.' அதில் ஒரு தப்பும் இல்லை. நான் வடிவமைத்ததுதான்.

கடைசியாக அவளைப் பார்த்தது டயாலிசிஸ் வார்டில். மெலிந்து, கறுத்துப் போயிருந்தாள். ஓரக் குறிப்புகளை எல்லாம் தட்டச்சு செய்து முடித்துவிட்டதாகச் சொன்னாள்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்வீங்களா?"

"சொல்லு."

"என்னைய மட்டும் எண்ணிராதீங்க." மூச்சு வாங்கியது. "பலிச்சதுல என்னையும் சேத்துருவாங்க சார். எம்பேரச் சொல்லி இன்னும் நாலு பேர ஆஸ்பத்திரிக்குப் போகாமப் பண்ணிருவாங்க. நான் அதுல இருக்க வேண்டாம்."

"எண்ண மாட்டேன்," என்றேன். "சத்தியமா."

சத்தியம் எல்லாம் நான் செய்கிற ஆளில்லை. அன்றைக்குச் செய்தேன்.

பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் சுகந்தி போய்விட்டாள். பழனாத்தாள்தான் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் ஒரு பொய்யும் இல்லை. என்னைப் பார்த்ததும், "நீங்களும் எப்படியாச்சும் காப்பாத்தத்தானே பாத்தீங்க சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுடுகாட்டிலிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். அவள் பதிவை நீக்கச் சொல்லிக் கெஞ்சினேன். இயக்குநர் அம்மாள் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்: "வேணும்ங்கறத வெச்சுக்கிட்டு வேண்டாததை நீக்கினா அது ஆய்வே இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க பகலவன். ஒன்பதாவது விதி."

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கே போவது என்று தெரியாமல் கோயிலுக்குப் போனேன். பூசாரி இல்லாமலே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பச்சைத் திரையில் 4,216 என்று இருந்தது. சுகந்தி போனதை நான் பதியவில்லை. பதிய வேண்டிய அவசியமும் இல்லை. இறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து தகவல் தானாக வந்து சேரும்படி மூன்றாம் வருஷமே இணைத்துவிட்டார்கள்.

வரிசையில் முதல் ஆளாக ஒரு பெண், மார்போடு ஸ்கேன் கவரை அணைத்துக்கொண்டு நின்றாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு.

"சார், இது நெசமாலுமே பலிக்குங்களா?"

"இல்லீங்க," என்றேன். "பலிக்காது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னதை நம்பலாமா என்று யோசிக்கிற முகம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் யோசிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவள் கால் வரிசையை விட்டு லேசாக விலகக்கூடச் செய்தது.

அப்போது மணி அடித்தது. திரையில் 4,217.

வரிசை முழுக்கக் கை குவித்தது. "யாருக்கோ பலிச்சிருக்குது பாருங்க," என்று அந்தப் பெண் என்னிடமே சொல்லிவிட்டு, ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.